தாத்தா உசரமா இருப்பாரு

ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலை விட்டு இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் ஸ்பானிய மொழிக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டியாகப் போக நினைக்கும் தோட்டத்து இளைஞர் எந்தச் சொல்லை முதலில் படித்தாலும் சரி, அடிக்கடி தேவைப்படப் போவது 'இருந்தது' என்ற சொல்தான். மலையகத்தில் சுற்றிக் காட்டுவதெல்லாம் பெரும்பாலும் முன்பு இருந்தவை. இது கோப்பிக் காடாக இருந்தது, துரை பங்களா அங்கே இருந்தது, இவர் கங்காணியாக இருந்தார் என்று தமிழில் ஒரே வினையில் ஓட்டிவிடலாம். ஸ்பானிய மொழியில் அது நடக்காது. 'இரு' என்பதற்கு அங்கே முக்கியமாக 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இறந்தகாலம். செர் வினைக்கு 'எரா', 'ஃபுவே'. எஸ்தார் வினைக்கு 'எஸ்தாபா', 'எஸ்தூபோ'.

இந்த நான்கையும் பிரித்துக் காட்ட வகுப்புகளிலும் யூடியூப் பாடங்களிலும் ஒரு விதி உலவுகிறது. நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார். நெடுநாள் நீடித்ததற்கு எரா, எஸ்தாபா. சட்டென்று முடிந்ததற்கு ஃபுவே, எஸ்தூபோ. தமிழ் மாணவருக்கு மட்டும் கூடுதலாக ஓர் அனுதாபம்: தமிழில் இறந்தகாலம் ஒன்றுதானே, இந்த நுட்பம் நம் காதில் ஏறாது, மனப்பாடம் செய்துவிடுங்கள்.

விதியின் இரண்டு பாதிகளும் தவறு. அனுதாபம் அதைவிடத் தவறு.

முதலில் நீளத்தைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892இல் அங்கேயே காலமானார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் லூல்கந்துரவில் இருந்தார் என்பதை ஸ்பானிய மொழியில் சொல்ல 'எஸ்தூபோ' வேண்டும். சட்டென்று முடிந்ததற்கு என்று சொல்லித்தருகிறார்களே, அதே வடிவம். 40 ஆண்டு சட்டென்று முடிகிற காலமா? இல்லை. ஆனால் தொடக்கமும் முடிவும் தெரிந்து, மொத்தமாகக் கட்டிவைத்த காலம். அது போதும்.

இதைவிடக் கனமான எடுத்துக்காட்டும் மலையகத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை தந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களில் பலர் நாடற்றவர்களாக இருந்தார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னால் 'ஃபுவேரோன்', அதாவது ஃபுவேயின் பன்மை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் நாடற்றவர்களாக இருந்தார்கள் என்றால் 'எரான்', அதாவது எராவின் பன்மை. அதே மக்கள், அதே துயரம், ஆண்டுக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. முதல் வாக்கியம் முழுக் காலத்தையும் வெளியே நின்று அளக்கிறது. இரண்டாவது ஒரு நாளுக்குள் போய் நின்று சுற்றிலும் பார்க்கிறது.

எதிர்ப்பக்கச் சான்று இன்னும் வேடிக்கை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடியபோது மணி ஆறு என்று சொல்ல வேண்டுமா? 'எரான் லாஸ் ஸெயிஸ்'. கடிகாரத்தில் ஆறு மணி என்பது ஒரு கணம். ஆனாலும் மணி சொல்லும்போது அங்கே ஃபுவே வராது. நெடுநாள் நீடித்ததற்கு என்று ஒதுக்கிவைத்த வடிவமே வரும். நீளம்தான் அளவுகோல் என்றால் இது எப்படி?

பாப்லோ நெரூடாவை வைத்தும் சோதிக்கலாம். சிலி நாட்டுக் கவிஞரான அவர் 1929இல் கொழும்பில் தம் நாட்டின் கொன்சலாக இருந்தார், வெள்ளவத்தையில் குடியிருந்தார். வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொன்னால் 'ஃபுவே கொன்சுல்'. அவர் அங்கே கொன்சலாக இருந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லப் புகுந்தால் 'எரா கொன்சுல்'. பதவியின் காலம் ஒன்றுதான், இரண்டு வாக்கியமும் சரி. (அந்த வீட்டுக்கு மலம் அள்ள வந்த தமிழ்ப் பெண்ணைத் தாம் பலவந்தப்படுத்தியதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நெரூடாவைப் பற்றிப் பெருமையோடு பேசும் வழிகாட்டி இதையும் அறிந்திருப்பது நல்லது.)

அடுத்தது நிலையானது, தற்காலிகமானது என்ற பாகுபாடு. இதை உடைக்க அதிக நேரம் வேண்டாம். சாவைவிட நிலையானது எது? ஸ்பானிய மொழியில் ஒருவர் இறந்துகிடந்தார் என்பதற்கு எஸ்தார்தான் வரும். ஊர் இருக்கும் இடம் மாறுவதில்லை. லூல்கந்துர ஹேவாஹெட்டைப் பகுதியில் இருக்கிறது என்பதற்கும் எஸ்தார்தான். மறுபக்கம், சி.வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் அப்போது வென்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். அடுத்த தேர்தலோடு முடிந்துபோன பதவி. ஆனாலும் அவர் எம்.பி.யாக இருந்தார் என்பதற்குச் செர்தான் வேண்டும். ஒருவர் யார், என்ன என்று சொல்வது செர் வேலை. எங்கே, எந்த நிலையில் என்பது எஸ்தார் வேலை. எஸ்தார் வந்ததே 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து. செர் வினையின் ஒரு வேர் 'உட்கார்'. 'இருங்கோ' என்றால் உட்காருங்கள் என்று புரிந்துகொள்ளும் யாழ்ப்பாணத்தாருக்கு இது வியப்பாக இருக்காது.

இடத்தைச் சொல்லும்போதும் ஒரு விலக்கு உண்டு, அதையும் அந்தப் பாகுபாட்டால் விளக்க முடியாது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். தோட்டம் எங்கே இருந்தது என்றால் எஸ்தாபா. வேலைநிறுத்தம் எங்கே என்றால் ஃபுவே. இரண்டும் ஒரே இடம். ஆனால் தோட்டம் ஒரு பொருள், வேலைநிறுத்தம் ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு ஸ்பானிய மொழி செர் வினையைத்தான் தருகிறது. தமிழர் இதில் தடுமாற வேண்டியதில்லை: வேலைநிறுத்தம் முல்லோயாவில் 'இருந்துச்சு' என்று தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை, 'நடந்துச்சு' என்றுதான் சொல்வார்கள். 'நடந்துச்சு' என்று வாய் தானாகப் போகும் இடத்தில் எஸ்தாபாவை எடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் அந்த அனுதாபத்துக்கு வருவோம். தமிழில் இறந்தகாலம் ஒன்று என்பது பள்ளி இலக்கணப் பட்டியலில் உண்மை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்து பழைய கதை பேசுபவரிடம் உண்மையல்ல. அவர் இப்படிச் சொல்வார்: "அப்பல்லாம் காலங்காத்தால தப்பு அடிப்பாங்க. எல்லாரும் பெரட்டுக்குப் போவாங்க. லயத்துல பத்து காம்பரா இருக்கும், காம்பராவுக்கு ஒரு குடும்பம் இருக்கும். எங்க தாத்தா நல்லா உசரமா இருப்பாரு." நடந்து முடிந்த காலத்தைப் பற்றிய பேச்சு இது, வினைகளோ எல்லாம் எதிர்காலம் என்று பள்ளியில் படித்த வடிவம். தாத்தா இறந்து முப்பது வருடமானாலும் 'உசரமா இருப்பாரு' தான். மூன்று காலத்துக்கும் பொதுவான இயல்பைச் சொல்லும் வினைக்குத் தொல்காப்பிய உரைகாரர்கள் மலையையும் ஞாயிற்றையும் எடுத்துக்காட்டினார்கள். அந்த வடிவம்தான் லயத்துப் பேச்சில் போன தலைமுறையைப் பற்றிச் சொல்லவும் உதவுகிறது.

'தாத்தா உசரமா இருப்பாரு' என்பதை ஸ்பானிய மொழியில் போட்டுப் பாருங்கள்: 'எரா ஆல்தோ'. ஃபுவே அங்கே ஒட்டாது. இப்போது அதே வடிவத்தை வேலுப்பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். "1947லேர்ந்து 52 வரைக்கும் எம்.பி.யா இருப்பாரு" என்று ஒரு தோட்டத்துப் பிள்ளைகூடச் சொல்லாது. 'இருந்தாரு' தான். ஸ்பானியரும் அங்கே எராவை விட்டு ஃபுவேக்குத்தான் போகிறார்.

சமையலிலும் இதே கதை. "அப்பாயி சுடுற ரொட்டி நல்லா இருக்கும்" என்று மறைந்துபோன அப்பாயியைப் பற்றிச் சொன்னால் எரா பக்கம். "நேத்து ரொட்டி நல்லா இருந்துச்சு" என்று சாப்பிட்டு முடித்துச் சொன்னால் எஸ்தூபோ பக்கம். இரண்டும் சுவையைத்தான் சொல்கின்றன. முதலாவதில் எந்த நாள், எத்தனை ரொட்டி என்ற எல்லை இல்லை. இரண்டாவது ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிகிறது. காதில் ஏறாது என்று யார் சொன்னது? ஏறிப் பல தலைமுறையாகிவிட்டது.

'இருப்பாரு' வருமா, 'இருந்தாரு' வருமா என்று சொல்லிப் பார்க்கும் இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொன்னால் அதுவும் இன்னொரு போலி விதியாகிவிடும். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இன்று பெரிய ஹோட்டல். அதைக் காட்டும்போது தமிழில் "முன்ன இது ஸ்டோரா இருந்துச்சு" என்றுதான் வரும், 'இருக்கும்' வராது. ஸ்பானிய மொழியிலோ அங்கே எராதான் இயல்பு, ஏனென்றால் எத்தனை ஆண்டு ஸ்டோராக இருந்தது என்று யாரும் அங்கே அளக்கவில்லை. ஆண்டுக்கணக்கோடு சொன்னால் ஃபுவே.

ஒரே ஒரு தடவை நடந்ததைச் சொல்லும் கதையிலும் தமிழ் விகுதி உதவாது. "நான் போனப்ப அவரு மலையில கொழுந்து எடுக்குற எடத்துல இருந்தாரு." இங்கே எஸ்தாபா வேண்டும், தமிழிலோ வெறும் 'இருந்தாரு'. இதற்குப் பார்க்க வேண்டியது பக்கத்து வினையை. 1847இல் சிலியில் தம் ஸ்பானிய இலக்கணத்தை வெளியிட்ட ஆந்த்ரேஸ் பெய்யோ, எரா வகை வடிவத்துக்கு 'கோப்ரெத்தேரித்தோ' என்று பெயர் வைத்தார்: வேறொரு இறந்தகாலத்தோடு கூடவே இருக்கும் இறந்தகாலம். மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. கோவிந்தன் மீது சூடு விழுந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் என்ற வாக்கியத்தில் சூடு விழுந்தது ஒரு வினை. அதனோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தது இன்னொன்று. 'எஸ்தாபான் என் உவெல்கா' என்று அந்த இரண்டாவதைச் சொல்லிவிட்டு, அவர் இறந்ததை அதற்குரிய முடிந்த வடிவத்தில், 'முரியோ' என்று சொல்ல வேண்டும்.