முதலில் கம்பளி வாங்குங்கள்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி விருந்தினருக்கு வாடகைக்கு விடத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவது திரைச்சீலையும் சுவர்ப்படமும்தான். கம்பளிதான் முதலில் வேண்டும் என்பேன். ஆளுக்கு இரண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் ஊர்கள் இவை. சமவெளியிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் குளிர் தாங்காமல், வாசலில் கோழி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் கண் விழிக்காமலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் அப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. ஆகவே சமையல் முடிந்ததும் கனலை வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்து, அடுப்பை உங்கள் கையாலேயே எடுத்து வந்துவிடுங்கள். விருந்தினர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் அதையும் வெளியே மாற்றுங்கள்; காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதுவும் இதே நஞ்சைத்தான் கக்கும். மற்றவை எளிது. 2024 மே மாதத்திலிருந்து இரு ஊர்களுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழித் தகவல் கொடுங்கள். அறைக்கு விலை வைக்கும் முன், மார்கழியில் ஒரு ராத்திரி நீங்களே அங்கே படுத்துப் பாருங்கள்.