புரோபேட் பயத்தில் கைமாறும் வீடுகள்

"உயில் எழுதினால் பிள்ளைகள் புரோபேட்டுக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இப்போதே பையன் பேரில் தான செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள்." சொந்த வீடு வைத்திருக்கும் முதியவர்களின் காதில் இந்த யோசனை அடிக்கடி விழுகிறது. உறவினர் சொல்கிறார், பத்திரம் எழுதுபவர் சொல்கிறார், சில வீடுகளில் மகனே சொல்கிறான். பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் யோசனை தவறு. எழுபது வயதில் இருக்கும் ஒரே பிடிமானத்தை அது கைவிடச் சொல்கிறது.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். உயில் செல்லுபடியாகும் என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரோபேட். தமிழ்நாடு முழுவதும் அது கட்டாயமாக இருந்ததே இல்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தமிழ்நாட்டில் இந்து ஒருவரின் உயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்கு எல்லைக்குள் எழுதப்பட்டிருந்தாலோ, வீடு அந்த எல்லைக்குள் இருந்தாலோதான் புரோபேட் தேவைப்பட்டது. மதுரை வீட்டுக்கு மதுரையிலேயே எழுதிய உயிலுக்கு அது வேண்டியதில்லை. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. கட்டாயத்துக்கு அடிப்படையாக இருந்த 213ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

உயிலை யாராவது எதிர்த்தால் வழக்கு வரத்தான் செய்யும். ஆனால் மிரட்டி எழுதி வாங்கினார்கள், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று செட்டில்மென்ட்டின் மீதும் வழக்குப் போடலாம்.

செலவைப் பார்த்தாலும் செட்டில்மென்ட்டுக்கு ஆதாயம் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை.

"எப்படியும் அவனுக்குத்தானே போகப்போகிறது, இன்று கொடுத்தால் என்ன?" என்பது அடுத்த வாதம். பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. உயிலை எழுதியவர் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். பதிவான செட்டில்மென்ட்டை மகன் ஏற்றுக்கொண்டபின், மனம் மாறியது என்பதற்காக ரத்து செய்ய முடியாது. பத்திரத்தில் "சர்வ சுதந்திர பாத்தியத்தோடு" என்று எழுதியாகிவிட்டால், மகன் வீட்டை அடமானம் வைக்கலாம், விற்கலாம்.

மகளுக்கு எழுதிக் கொடுத்த ஓர் இந்துத் தாயை நினைத்துப் பாருங்கள். குழந்தை இல்லாத அந்த மகள், உயில் எதுவும் எழுதாமல் தாய்க்கு முன்னால் இறந்துவிடுகிறாள். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்தாக இருந்தால், அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பியிருக்கும். செட்டில்மென்ட் மூலம் வந்த சொத்து அந்த வகையில் சேராது, கணவருக்குப் போகும். தாய் வாழும் வீட்டுக்கு மருமகன் உரிமையாளர் ஆகிவிடுவார். அதே தாய் உயில் மட்டும் எழுதியிருந்தால், வீடு அவர் பேரிலேயே இருந்திருக்கும்; வேறொரு உயில் எழுதினால் போதும்.

"பிள்ளை கவனிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு முதியோர் சட்டம் வீட்டை மீட்டுத் தரும்" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நல்ல பாதுகாப்புதான். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்குத்தான் அது பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள்கொள்ளச் சொல்லி ஒரு தாயின் வீட்டை மீட்டுக் கொடுத்தது. அந்த வழக்கிலும் தாயைக் கவனிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருந்தது. நம்பிக்கையின் பேரில் எதையும் எழுதி வாங்காத பெற்றோர்கள் என்ன செய்வார்கள்?

மற்றக் குறுக்குவழிகளும் கைகொடுப்பதில்லை. பவர் பத்திரம், கொடுத்தவர் இறந்ததும் பொதுவாகச் செல்லாது. நாமினி என்பவர் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. கூட்டுப் பேரில் வாங்கிவிட்டாலே முழு வீடும் இருப்பவருக்கு வந்துவிடாது. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

"ஒன்றுமே எழுத வேண்டாம், வாரிசுச் சான்றிதழ் போதும்" என்று இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் 60 லட்ச ரூபாய் வீட்டில் தாய்க்கு 15 லட்சம். தாயின் காலத்துக்குப் பின் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். வீடு தனக்கும் பிள்ளைகளுக்கும்தான் என்று இருந்த மனைவி, மைத்துனர்களிடமும் நாத்தனார்களிடமும் விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்க வேண்டிவரும்.

உயிலுக்கு வேண்டியது இரண்டு சாட்சிகள். பங்கு பெறாதவர்களாக, எழுதுபவரைவிட இளையவர்களாக இருந்தால் நல்லது. பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர்களில் ஒருவராவது வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் தொலைந்துபோகும் பயமும் இல்லை. செட்டில்மென்ட்தான் வேண்டும் என்பவர்கள், ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையையும் கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். சுவாதீனத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வரிகளைச் சேர்க்கப் பத்திரம் எழுதுபவர் தயங்கினால், கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம்.