மறுப்பை அளந்து பார்த்தவர்

தமிழில் அறிவியல் வரலாறு என்று பேச்செடுத்தால் கும்பகோணத்து ராமானுஜன், ஹார்டிக்குப் போன கடிதம் என்றே தொடங்குகிறோம். அது பெரிய கதைதான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரையில் தோலை நம்பி வாழும் நமக்கு அதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. நம் கை தினமும் தொடும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்த கதை அது. அதை நாம் நம் கதையாகச் சொல்லிப் பழகவே இல்லை.

1952இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகக் கிண்டிக்கு வந்தார். வயது முப்பதுகூட நிறையவில்லை. அங்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் அறிஞர், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். தோலையும் தசைநாணையும் எலும்பையும் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். சுண்ணாம்புத் தொட்டியில் ரோமம் கழன்று, சதையும் வழித்தெடுத்த பிறகு நம் ஆட்கள் கையில் மிஞ்சுகிறதே, நீர் போக அதில் பெரும்பகுதி அதுதான். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காரு வாலின் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. பக்கக் கிளை என்று அதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டால் நடுவில் மிஞ்சும் இடுக்கில் வேறெந்த அமிலமும் நுழையாது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தே ஆக வேண்டும். 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று சங்கிலி அமைப்பு வெளிவந்தது. சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்ற திருத்தம் 1955இல் வந்தது.

அதே ஆண்டு மறுப்பும் வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த கிரிக்கின் சொல்லுக்கு உலகம் காது கொடுத்த காலம். மூன்று சங்கிலி என்பதை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னையில் முன்வைத்த அமைப்பில் சில அணுக்கள் இருக்கக் கூடாத நெருக்கத்தில் இருக்கின்றன என்றார்கள். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க வழியில்லை, ஒன்றுதான் என்றார்கள்.

இந்த இடத்தில் ராமச்சந்திரன் செய்ததுதான் நாம் கற்க வேண்டிய பாடம். நெருக்கம் அதிகம் என்கிறீர்கள், எவ்வளவு நெருங்கினால் அதிகம் என்று யாராவது அளந்திருக்கிறார்களா? இந்தக் கேள்வியோடு அவர் உட்கார்ந்துவிட்டார். அவரும் உடன் இருந்தவர்களும் அதுவரை தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி, எந்த அணு எந்த அணுவோடு எவ்வளவு தூரம்வரை நெருங்குகிறது என்று திரட்டினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. எந்த இரு கோணங்கள் சேர்ந்தால் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டார்கள். 1963இல் வெளிவந்த அந்த வரைபடம்தான் ராமச்சந்திரன் வரைபடம். கட்டத்தின் பெரும்பகுதி புரதங்களுக்குத் தடை. சில திட்டுகளில் மட்டுமே அனுமதி. இன்று உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய புரத அமைப்பைத் தீர்மானித்தாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பு தெளிவாகக் கிடைத்தபோது முச்சுருள் உறுதிப்பட்டது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரியென்றும் தெரிந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுப்பு சரியாக இருந்தது. அந்த மறுப்பை மதித்து அளக்கப் போனதில் கொலாஜனையும் தாண்டி எல்லாப் புரதங்களுக்குமான விதி ஒன்று கிடைத்தது.

இந்த அறிவு நம் தொழிலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆவாரம் பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும்போது அதன் துவர்ப்பொருள் இழைகளுக்கிடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கிறது. குரோமியம் இன்னும் வலுவாக, இழைகளின் அமிலக் கிளைகளோடு பிணைகிறது. பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும். குரோம் ஏற்றிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடத் தோலில் ஏறாமல் கழிவு நீரில் போய்விடுகிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பும் கூடவே போகிறது. பாலாற்று வட்டாரக் கிணறுகள் உவர்த்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கும் ஒரு மறுப்பு வந்தது. தோல் கழிவு குறித்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது நம் ஆற்றின் பெயரால். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிந்தன, குரோமியத்தை மீட்கும் முறைகள் வந்தன. ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் உயிரிழந்தார்கள். தொழில் வேண்டுமா, ஆறு வேண்டுமா என்று இரு தரப்பும் குரலை உயர்த்துகிறோம். எவ்வளவு என்று கேட்பவர்கள் இரு பக்கமும் குறைவு.

அந்தக் கேள்வியை இங்கே பிறந்தவர்கள் கேட்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகும் நீரிலும் வெளியே வருவதிலும் குரோமியமும் உப்பும் எவ்வளவு என்பதைத் தமிழில் ஊராட்சி அலுவலக வாசலில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி வேதியியல் மாணவர்கள் தங்கள் ஊர்க் கிணறுகளை ஆண்டுதோறும் சோதிக்கலாம். உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி எளிதில் கிடைக்கிறது. குரோமியத்துக்குத்தான் ஆய்வுக்கூடம் வேண்டும், அது கல்லூரிகளால் ஆகாத காரியமல்ல. டிரம்முக்கு அருகே நிற்கும் தொழிலாளிக்குத் தன் கையில் படுவது என்னவென்று பெயர் சொல்லி விளக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, வாசகர்கள் அளந்து அனுப்பும் கிணற்று நீர் அளவுகளை ஊர்ப் பெயரோடும் தேதியோடும் அளந்த முறையோடும் இந்த இதழ் வெளியிடும். அந்த அளவு தவறென்று தொழில் தரப்பிலிருந்து மறுப்பு வந்தால் அதையும் அதே பக்கத்தில் அச்சிடுவோம். மறுப்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நீங்களும் அளந்துவிட்டு வாருங்கள்.