ஆயுத பூஜைக்கு மட்டும் மின்னும் கார்... மீதி 364 நாள் என்ன செய்யணும்?

ஆயுத பூஜை வந்துவிட்டால் கொடுமுடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் கார்கள் பளபளக்கும். கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. சரி, அதே காரின் பானெட்டைத் திறந்து ஆயில் அளவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பலரிடம் பதில் இருக்காது.

வண்டியைப் பார்த்துக்கொள்வது கொங்கு மண்ணுக்குப் புதிதில்லை. 1920-ல் பொள்ளாச்சி - பழநி இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி.நாயுடு. அவர் குடும்பத்தார் கோவை அவினாசி சாலையில் அமைத்த கார் மியூசியத்தில் தாத்தா காலத்துக் கார்கள் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன. நம் காருக்கு அவ்வளவு ஆயுசு வேண்டாம். லோன் முடிந்த பிறகும் பத்து வருஷம் தொந்தரவு இல்லாமல் ஓடினால் போதும். அதற்கு என்ன செய்யணும்?

கிலோமீட்டர் கணக்கா, காலக் கணக்கா?

வாரம் முழுக்க கோவையில் ஆபீஸ், வார இறுதியில் ஊர். பல இளைஞர்களின் கார் இப்படித்தான் ஓடுகிறது. "மாசம் 400 கிலோமீட்டர்கூட ஓடலையே, எதுக்கு சர்வீஸ்?" என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றணும். வண்டி நின்றாலும் ஆயில் கெடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய பிரேக் ஆயில், மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூடேறிக் கொதித்து, பிரேக்கையே பலவீனமாக்கும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. உங்கள் காருக்கான சரியான கணக்கு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

ஓடாமல் நிற்கும் காருக்கு இன்னொரு எதிரி எலி. வயலும் தோப்பும் பக்கத்தில் இருந்தால் ஒயரைக் கடித்து வைத்துவிடும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும், காரை 20 நிமிடமாவது ஓட்டுவதும் ஒயருக்கும் பேட்டரிக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றலாமா?

கூடாது. கொங்குப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. வீட்டு ஹீட்டரிலும் பக்கெட்டிலும் படியும் அந்த வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். குழாய் அடைத்தால் இன்ஜின் சூடேறும். பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது. மேனுவல் சொல்லும் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

பெயின்ட்டிலும் இதே கதைதான். உச்சி வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு போட்டு, மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்துவிடணும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், அது பாலிஷையும் சேர்த்தே கரைத்துவிடும். பறவை எச்சம், மரத்துப் பிசின், பூஜைக்கு வைத்த குங்குமம் எதையும் நாள்கணக்கில் வெயிலில் காயவிடக் கூடாது. கறை பிடித்தால் போகாது.

வெயிலில் டயர் ஏன் வெடிக்கிறது?

கோடையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது "காத்தைக் கொஞ்சம் குறைச்சு வை" என்பது பலர் சொல்லும் யோசனை. இது தலைகீழ். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதில்தான் சூடு ஏறும், வெடிக்கும். டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயரில் ஓட்டக் கூடாது.

கழுவுற தண்ணி எங்கே போகுது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பல ஊர்களில் காரை ஆற்றில் இறக்கிக் கழுவுகிறார்கள். ஆயில், கிரீஸ், சோப்பு எல்லாம் அப்படியே தண்ணீரில் கலக்கிறது. பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்குக் காவடி எடுப்பவர்கள் தீர்த்தம் முத்தரிப்பது கொடுமுடிக் காவிரியில். கீழே கரூர், திருச்சி வரை குடிப்பதும் இதே தண்ணீர். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 ஆறுகளில் மாசு கலப்பதைத் தடை செய்கிறது. பழைய இன்ஜின் ஆயிலோ 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவு. ஆயில் மாற்றும்போது "பழசை என்ன பண்ணுவீங்க?" என்று ஒர்க் ஷாப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள். சாக்கடை என்று பதில் வந்தால் அந்த ஒர்க் ஷாப் வேண்டாம்.

கம்பெனி சர்வீஸா, லோக்கல் மெக்கானிக்கா?

வாரன்ட்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் பாதுகாப்பு. அதன்பிறகு நம்பிக்கையான உள்ளூர் மெக்கானிக் போதும், அவருக்கு ஒரிஜினல் பாகங்கள் கிடைத்தால். இந்த இடத்தில்தான் சிக்கல். உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்கவில்லை என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' தளத்தையும் தொடங்கியது. தளம் வந்தால் மட்டும் போதாது. கொடுமுடி போன்ற சின்ன ஊர் மெக்கானிக்கின் கைக்குப் பாகமும், ஸ்கேனரும், பயிற்சியும் வந்து சேரணும். இல்லையென்றால் 'பழுது பார்க்கும் உரிமை' பெரிய நகரத்துக்காரர்களுக்கு மட்டுமான உரிமையாகிவிடும்.

15 வருடம் ஆனால்?

சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. அந்தச் சோதனையில் பெயின்ட்டின் மினுமினுப்புக்கு மதிப்பெண் இல்லை. பிரேக், விளக்கு, புகை இவற்றைத்தான் பார்ப்பார்கள். காரில் உட்காரும் குடும்பத்துக்கும் வேண்டியது அதுதான். அடுத்த முறை வாட்டர் வாஷுக்கு விடும் நாளிலேயே டயர் காற்று, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.