வாசலில் படிந்த எண்ணெய்க் கறை

இல்லத்தின் முகம் வாசல் என்பர். சாணம் தெளித்து மெழுகிய மண் வாசல் பல ஊர்களில் மறைந்து, அதன் இடத்தில் சிமென்ட் தளம் வந்துவிட்டது. தளத்தைத் தொடர்ந்து ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும், வசதி படைத்த இல்லங்களில் காரும் வந்து நின்றன. அவை நின்ற இடத்தில் கரிய வட்டங்களும் வந்து சேர்ந்தன. எத்தனை முறை தேய்த்தும் இக்கறை போவதில்லையே என்று இல்லத்தரசிகள் பலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். இத்திங்கள் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இஃது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. மழை தூறும் விடியற்காலையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய தளத்தில் வெறுங்காலுடன் இறங்கும் பாட்டி வழுக்கி விழுந்தால், அந்த முதிய வயதில் முறிந்த இடுப்பெலும்பு கூடுவது எத்துணை அரிது! வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. வீட்டைக் காலி செய்யும் நாளில், முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற வழக்கு இந்தக் கறையிலிருந்தே தொடங்கிவிடும். இவை இரண்டையும்விடக் கொடியது, கறையைப் போக்கும் அவசரத்தில் கையாளும் தவறான முறைகளால் நேரும் தீங்கு. எனவே முதலில் கறையின் இயல்பை அறிந்துகொள்வோம்.

கல்லைப்போல் தோன்றும் சிமென்ட் தளம் உண்மையில் நுண்துளைகள் நிறைந்தது. 50 கிலோ சிமென்டு இறுகுவதற்கு வேதிமுறையில் தேவைப்படும் நீர் ஏறத்தாழ 12 லிட்டரே. ஆனால் கலவை எளிதாகப் பரவும் பொருட்டு ஊற்றப்படுவது பெரும்பாலும் 25 லிட்டர், அல்லது அதற்கும் மேல். மிகுதியாக நின்ற நீர் உலர்ந்து போன வழியெல்லாம் நுண்ணிய குழாய்களாக எஞ்சுகின்றது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இக்குழாய்கள் எண்ணெயை உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஆகவே நாம் காணும் கறை மேற்பரப்பில் மட்டும் இல்லை. தளத்தின் உள்ளேயும் இருக்கிறது. மேலே தேய்ப்பதால் மட்டும் அது போகாது. உள்ளே சென்றதை வெளியே இழுக்கவேண்டும்.

எண்ணெய் புதிதாய்ச் சிந்தியிருந்தால் வேலை எளிது. உடனே நீரை ஊற்றுவது வழக்கமாக நாம் காணும் பிழை. நீர் எண்ணெயைக் கரைக்காது, நாற்புறமும் பரப்பும். துணியால் அழுத்தித் துடைத்தாலோ இன்னும் ஆழமாக இறங்கும். மரம் அறுக்கும் இடத்தில் கிடைக்கும் உலர்ந்த மரத்தூளையோ, ஆறிய சாம்பலையோ, உலர்ந்த மணலையோ ஓர் அங்குலக் கனத்திற்குக் கொட்டி, காலணியால் மெல்ல மிதித்து, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். தூள் எண்ணெயைக் குடித்துவிடும். பின்னர் பெருக்கி எடுத்துவிட்டு மீண்டும் ஒருமுறை புதிய தூளைப் போடுங்கள். இதன் பிறகே நீருக்கு இடம்.

அடுத்தபடியாகச் சலவைச் சோடா. 1 லிட்டர் வெந்நீரில் சுமார் 100 கிராம் சலவைச் சோடாவையும் இரண்டு கரண்டி துணி துவைக்கும் தூளையும் கரைத்துக் கறையின்மேல் ஊற்றுங்கள். வெந்நீர் எண்ணெயை இளக்கும். சமையல் எண்ணெயாயின் சோடாவோடு சேர்ந்து ஓரளவு சோப்பாகவே மாறிவிடும். எஞ்சின் எண்ணெய் அவ்வாறு மாறாது. துவைக்கும் தூளே அதனைச் சிறு துளிகளாகப் பிரித்து நீரில் மிதக்கச் செய்கிறது. எனவே இரண்டும் தேவை. கால் மணி நேரம் ஊறவிட்டு, உலர்வதற்கு முன் தென்னை நாரினாலோ முரட்டு பிரஷ்ஷினாலோ தேய்க்கவேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்து தங்கும் கம்பித் துகள்கள் துருப்பிடித்துப் புதுக் கறையை உண்டாக்கும். கைகளுக்கு ரப்பர் உறை அவசியம்.

கழுவிய அன்று தளம் தூய்மையாகத் தோன்றும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் கறையின் நிழல் மீண்டும் எழும். இதைக் கண்டு மனம் தளரவேண்டா. தளம் உலரும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மேலேறி வருவதே இதன் காரணம். மேலே வந்ததை மறுமுறை எடுத்துவிடலாம்.

பல திங்கள் பழகிய கறைக்குப் பற்றுப் போடுதலே தக்க மருந்து. சாக்கட்டித் தூள், உலர்ந்த களிமண் தூள், முகப்பவுடர் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்து, மேற்கூறிய சோடாக் கரைசலை விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, கறையைக் கடந்து இரண்டு விரற்கடை அகலம் வரை, அரை அங்குலக் கனத்தில் அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் முழுதும் விட்டுவிட்டு, பின் தாளை நீக்கி உலரவிடுங்கள். ஈரம் மேலேறும்போது எண்ணெயையும் உடன் இழுத்துவந்து தூளில் சேர்க்கும். உலர்ந்ததை மரச் சட்டத்தால் சுரண்டி எடுத்துக் கழுவிவிடலாம். இதனை இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். சுண்ணாம்பைமட்டும் இக்கரைசலில் சேர்க்காதீர்கள். சோடாவும் சுண்ணாம்பும் கூடினால் தோலைப் புண்ணாக்கும் காஸ்டிக் சோடா உண்டாகும்.

இனி, செய்யக்கூடாதவற்றைக் கூறவேண்டும். கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றியதும் நுரை பொங்குவதைக் கண்டு கறை கரைகிறது என்று பலர் மகிழ்கின்றனர். கரைவது கறையன்று, சிமென்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து. எண்ணெய்க்கு ஆசிட் ஒன்றும் செய்யாது. தளம் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகி, அடுத்த சொட்டு இன்னும் ஆழமாக இறங்கும். ஆசிட் போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே முடிவாகலாம். பெட்ரோலை ஊற்றித் தேய்ப்பது நெருப்போடு விளையாடுவது. மண்ணெண்ணெய் எண்ணெயை இளக்கி உள்ளே அனுப்பிவிட்டுத் தன் பிசுக்கையும் விட்டுச் செல்லும். தேய்த்தது போக எஞ்சியதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்து, தாகமெடுத்த குழந்தை அதைக் குடிக்க நேர்ந்தால், எந்தக் கறையும் அதற்கு ஈடாகாது.

எண்ணெய் குடித்த தூளை அடுப்பில் இடவும் கூடாது; கிணற்றருகே கொட்டவும் கூடாது. பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்களும் உடலுக்கு ஒவ்வாத பொருள்களும் கலந்திருக்கும். கழுவும் நீரையும் அளவாகப் பயன்படுத்தி, அழுக்கு நீரைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிடுவது நலம். நம் வாசலின் கறை அண்டை வீட்டாரின் குடிநீரில் கலக்கலாகாது அன்றோ?

இத்தனையும் செய்த பின்னரும் மங்கலான சுவடு ஒன்று எஞ்சலாம். அதற்காகத் தளத்தைப் பெயர்க்கவேண்டியதில்லை. வழுக்கல் நீங்கினால் பாதிக்குமேல் வெற்றியே. சுவட்டை மறைக்க உடனே வண்ணம் பூசுவதும் வீண். எண்ணெய் உள்ள இடத்தில் வண்ணம் பிடிக்காமல் உரிந்துவிடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒழுகுவதை நிறுத்தாமல் கறையைத் தேய்ப்பது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், ஒழுகும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பல வேளைகளில் தளர்ந்த ஒரு திருகோ, தேய்ந்த ஒரு வளையமோதான் காரணமாயிருக்கும். பழுது பார்க்கும்வரை மணல் நிரப்பிய தட்டு ஒன்றை அடியில் வைத்தால் தளம் தப்பும்.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். வண்டி ஆடவருடையது, கறை பெண்டிருடையது என்ற எழுதாச் சட்டம் நம் இல்லங்கள் பலவற்றில் நிலவுகிறது. குனிந்து தேய்த்து முதுகு வலிப்பவர் ஒருவர், ஏறிச் செல்பவர் மற்றொருவர். வண்டியை ஓட்டுபவரே ஒரு சனிக்கிழமை மாலை பிரஷ்ஷைக் கையில் எடுப்பாரானால், அடுத்த வாரமே அவர் அந்தத் திருகை முடுக்கிவிடுவார் என்பது நம் துணிபு. பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.