எண்ணிப் பார்க்க ஆளில்லை

1987 டிசம்பர் 8. நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் வெள்ளை மாளிகையில் கூடியிருந்தனர். தனக்குப் பிடித்த ரஷ்யப் பழமொழியை ரீகன் எடுத்துவிட்டார்: 'நம்பு, ஆனால் சரிபார்.' 'ஒவ்வொரு சந்திப்பிலும் இதைத்தான் சொல்கிறீர்கள்' என்றார் கோர்பச்சேவ். அரங்கமே சிரித்தது.

விஷயம் சிரிப்போடு நின்றுவிடவில்லை. ரஷ்யாவில் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலையின் வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் முகாமிட்டனர். அமெரிக்காவில் யூடா மாநிலத்தின் மாக்னாவில் சோவியத் ஆய்வாளர்கள். தடை செய்யப்பட்ட ஏவுகணை எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதே இவர்களது வேலை. 1991 மத்தியில் கணக்கு முடிந்தபோது 2,692 ஏவுகணைகள் அழிந்திருந்தன. சோவியத் தரப்பில் 1,846, அமெரிக்கத் தரப்பில் 846.

ஒப்பந்தத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஏவுகணையை அழித்தால் போதும். அணுகுண்டைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதுவரை இல்லாத ஒன்று கிடைத்தது. எதிராளியிடம் எத்தனை இருக்கிறது என்று ஊகிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஆயுதப் போட்டிக்குத் தீனி போடுவது இந்த ஊகம்தான். அவனிடம் நூறு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர் இருநூறு செய்து வைப்பார்.

2010 ஏப்ரலில் ஒபாமாவும் மெத்வதேவும் பிராக் நகரில் கையெழுத்திட்ட 'புதிய ஸ்டார்ட்' இந்த வழியில்தான் வந்தது. தயார் நிலையில் ஆளுக்கு 1,550 அணுகுண்டுகளுக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு 18 முறை நேரடி ஆய்வு. ஏதாவது ஒரு ஏவுகணையைக் காட்டி 'இதைத் திற' என்று ஆய்வாளர் கேட்கலாம். குண்டுகளின் மேல் துணி போர்த்தியிருக்கும். ரகசியம் தெரியாது, எண்ணிக்கை தெரிந்துவிடும்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ரஷ்யா விதியை மீறுகிறது என்று குற்றம் சாட்டி (ரஷ்யா மறுத்தது) 2019 ஆகஸ்டில் ரீகன் காலத்து ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்திய ஆய்வுகள் மீண்டும் தொடங்கவே இல்லை. உக்ரைன் போருக்கு நடுவே, 2023 பிப்ரவரியில் புதிய ஸ்டார்ட்டை ரஷ்யா நிறுத்திவைத்தது. 'வரம்பை மீற மாட்டோம்' என்றது. ஆய்வாளர்களை மட்டும் விட மறுத்தது. அமெரிக்காவும் பதிலுக்குத் தகவல் தருவதை நிறுத்தியது. ஒப்பந்தத்தை ஒரு முறைதான் நீட்டிக்கலாம். அந்த வாய்ப்பு 2021லேயே செலவாகிவிட்டது. 2026 பிப்ரவரி 5 தான் கடைசிக் கெடு.

செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அமெரிக்காவின் 'மினிட்மேன் 3' ஏவுகணை மூன்று குண்டுகளைச் சுமக்கக்கூடியது. புதிய ஸ்டார்ட் காலத்தில் அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது. ஏவுகணை நிற்கும் குழியை வானத்திலிருந்து படம் பிடித்துவிடலாம். மூடிக்குள் இருப்பது ஒன்றா, மூன்றா? அதைப் பார்க்க ஓர் ஆள் நேரில் போக வேண்டும்.