பிள்ளைகள் விளையாட... பெரியவர்கள் பஞ்சாயத்தா?

அமெரிக்காவில், டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே நடந்த ஒரு சங்கதி இன்னமும் மனசை உறுத்துகிறது. நம் சகோதரிகள் பலருடைய பிள்ளைகளும் டெக்சாஸ் மாநிலத்தில் இருப்பதால் எழுதுகிறேன்.

என் பேத்தி 10-ஆம் வகுப்பிலேயே பள்ளியின் முதல் வாலிபால் அணியில் இடம் பிடித்தவள். அந்தக் கோடையில் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. பெரிய வீட்டைக் காலி செய்து, வாடகை குறைந்த அபார்ட்மென்டுக்குக் குடி போனார்கள். அது வேறு பள்ளியின் எல்லை. அந்தப் பள்ளியோ வாலிபாலில் பேர் போனது. வந்தது வினை!

டெக்சாஸில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது யூ.ஐ.எல். என்ற அமைப்பு. வேறு பள்ளியில் ஆடிய பிள்ளை, 9 முதல் 12-ஆம் வகுப்புக்குள் பள்ளி மாறி முதல் அணியில் ஆட வேண்டுமானால், அதற்கென்று ஒரு படிவம் உண்டு. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய பள்ளியும் தன் கருத்தை எழுத வேண்டும். குடும்பம் புதுப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருப்பது மட்டும் போதாது. 'விளையாட்டுக்காகத்தான் மாறினாள்' என்று முடிவு கட்டிவிட்டால், குறைந்தது ஒரு வருடம் முதல் அணி கிடையாது. இரண்டாம் அணியோடு சரி.

பழைய பள்ளி அப்படித்தான் எழுதி அனுப்பியது. சரி, விசாரிப்பது யார் தெரியுமா? ஒரே வட்டத்தில் மோதிக் கொள்ளும் பள்ளிகளின் நிர்வாகிகளே! மாமியார், மருமகள் சண்டைக்கு நாத்தனாரைப் பஞ்சாயத்து பண்ணச் சொன்ன கதைதான்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் வசதியான பள்ளிகள் வளைத்துப் போட்டுவிடும். டென்னஸியில் ஒரு தனியார் பள்ளிப் பயிற்சியாளர் 1997-ல் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதிய விவகாரம், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆள் பிடிக்கக் கூடாது என்ற விதி செல்லும் என்று 2007-ல் தீர்ப்பானது. நியாயம்தான்.

ஆனால், கடிதம் போட்ட பெரியவரைப் பிடிப்பது வேறு. 16 வயதுப் பெண்ணின் மனசுக்குள் என்ன இருந்தது என்று தோண்டுவது வேறு. புளோரிடாவில் 2016-ல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பள்ளி மாறிய பிள்ளை உடனே ஆடலாம். ஒரே கல்வி ஆண்டில் ஒரே விளையாட்டை இரண்டு பள்ளிகளுக்காக ஆடக் கூடாது, அதற்கும் சில விலக்குகள் உண்டு. கல்லூரிகளிலோ 2021-ல் ஒரு முறை மாறவும், 2024-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறவும் கதவைத் திறந்துவிட்டார்கள். இருபது வயதுக்கு ஒரு நியாயம், பதினாறு வயதுக்கு ஒரு நியாயமா?

'ஒரு வருஷம்தானே' என்று நானும் முதலில் நினைத்தேன். பேத்திதான் விளக்கினாள். 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் பெரிய கல்லூரிகளின் வாலிபால் பயிற்சியாளர்கள் மாணவிகளோடு நேரடியாகப் பேசலாமாம். அதற்கு அடுத்து வரும் சீசனில் ஓரம் கட்டினால் எப்படி? வசதி உள்ள வீட்டுப் பெண் காசு கட்டி வெளியே கிளப்பில் ஆடிக் கண்ணில் படுவாள். அதற்கு இந்தத் தடை கிடையாது. வேலை போன வீட்டுப் பெண் என்ன செய்வாள்? வசதியானவர்களைக் கட்டிப்போட வந்த விதி, இல்லாதவர்களைத்தான் அதிகம் இறுக்குகிறது.

இதில் எங்கள் வீட்டுத் தப்பும் ஒன்று உண்டு. விசாரணையில் மாப்பிள்ளை, "வீடு மாறினோம்" என்றாரே தவிர, வேலை போனதை வாயே திறக்கவில்லை. மகளும் தலையைக் குனிந்து உட்கார்ந்து விட்டாள். "நாலு பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது?" என்றாள். "உன் மானத்துக்கு உன் பொண்ணோட ஒரு வருஷமாடி விலை?" என்று கேட்டுவிட்டேன். அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாநிலக் குழுவுக்கு மேல்முறையீடு செய்தார்கள். வேலை நீக்கக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பழைய வீட்டைக் காலி செய்த ரசீது எல்லாவற்றையும் வைத்து உள்ளதைச் சொன்னார்கள். தடை நீங்கியது. ஆனால், பாதி சீசன் போயே போய்விட்டது. இரண்டாம் அணியில் ஆடிய அந்த வாரங்களில் ஒரு நாள்கூட அவள் பயிற்சிக்கு மட்டம் போடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல்.

பள்ளிப் போட்டியில் ஆடுவது சலுகையே தவிர உரிமை அல்ல என்றுதான் அங்குள்ள நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்லி வந்திருக்கின்றன. சலுகையாகவே இருக்கட்டும், அதைத் தருவதா, மறுப்பதா என்பதை எதிரணிப் பள்ளி தீர்மானிக்கலாமா? சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர்கள் விசாரிக்கட்டும். சீசன் துவங்கும் முன்பே முடிவு சொல்லட்டும்.

அங்கே பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களே... வீடு மாறினால் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். காரணத்தை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் கௌரவத்தைவிடப் பிள்ளையின் ஒரு வருஷம் பெரிசு!

— ஒரு வாசகி, கும்பகோணம்.